சட்டை போட்ட போட்டோ

எதைக் கேட்டாலும் அவரிடம் ஒரே பதில்தான் இருந்தது. "அதுக்கென்ன, செஞ்சிட்டாப் போச்சு." மூன்றாம் மாடி, லிஃப்ட் இல்லை, சிலிண்டரை மேலே கொண்டுவர முடியுமா என்று கேட்டால், செஞ்சிட்டாப் போச்சு. வந்த கையோடு இந்த பீரோவைக் கொஞ்சம் நகர்த்திக் கொடுங்கள் என்றால், அதுவும் செஞ்சிட்டாப் போச்சு. கல்யாண வீட்டில் வாழைமரம் கட்டவும் சாவு வீட்டில் பாடைக்குத் தோள் கொடுக்கவும் யார் கூப்பிட்டாலும் போய் நிற்பார். முடியாது என்று ஒரு சொல் இருப்பதையே அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை போலிருக்கிறது. அப்படி ஒரு மனிதர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் நாம் சும்மா விடுவோமா. நான் விடவில்லை. அதை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

சாரம் பகுதியில் எங்கள் பக்கத்துத் தெருக்களுக்கெல்லாம் கேஸ் சிலிண்டர் போடுகிறவர் அவர்தான். நல்ல உயரம், அகலமான முதுகு, வாயை மறைக்கிற மாதிரி கனத்த மீசை. சிலிண்டரைச் சுமந்து சுமந்து வலது தோளில் தோல் தடித்துக் காய்த்துப் போயிருக்கும். ஆனால் யார் வீட்டுத் தரையிலும் சிலிண்டரை நங்கென்று இறக்கமாட்டார். கழுத்துத் துண்டை எடுத்துக் கீழே போட்டு அதன்மேல்தான் வைப்பார். டைல்ஸ் உடைந்தால் அவர்களுக்குக் கஷ்டம்தானே என்பார். துண்டு அழுக்காவதைப் பற்றி அவருக்குக் கவலை இருந்ததாகத் தெரியவில்லை.

நான் தட்டாஞ்சாவடியில் ஒரு பிளாஸ்டிக் கம்பெனியில் வேலை பார்க்கிறவன். தெருவில் இருக்கும் இளைஞர் நற்பணி மன்றத்துக்குச் செயலாளர். இளைஞர் என்பது போர்டில் மட்டும்தான். எனக்கு அப்போதே நாற்பது தாண்டிவிட்டது. விழா என்றால் மைக் என் கையில்தான் இருக்கும். நாலு பேரைச் சிரிக்க வைத்துவிடுவேன் என்று எனக்கு ஒரு நினைப்பு.

ஒரு வருஷம் காணும் பொங்கலுக்கு ஆண்களுக்கான அழகிப் போட்டி வைத்தோம். ஆட்டோ ஓட்டுகிற ஒருவரின் குழந்தைக்கு இதயத்தில் ஓட்டை, ஆபரேஷனுக்கு உதவி தேவைப்பட்டது. உறியடிக்கும் கோலப் போட்டிக்கும் கூட்டம் சேராது. ஆம்பளைகள் புடவை கட்டிக்கொண்டு மேடையில் நடந்தால் ஊரே வரும் என்று யோசனை சொன்னவன் நான். பெயர் கொடுத்த ஐந்து பேரில் ஒருவன் அன்றைக்குக் காலையில் போனை அணைத்துவிட்டான். எப்படி ஐந்தை நிரப்புவது என்று மன்றத்து வாசலில் நின்று மண்டையைக் குடைந்துகொண்டிருந்தபோது எதிர்வீட்டுக்குச் சிலிண்டர் போட அவர் வந்தார். சும்மா கிண்டலுக்குத்தான் கேட்டேன்.

"அண்ணே, சாயங்காலம் ஒரு புடவையக் கட்டிகினு மேடையில நடக்கறீங்களா? கொழந்த ஆபரேஷனுக்கு."

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அதுக்கென்ன, செஞ்சிட்டாப் போச்சு. மீசைய எடுக்கணுமா?"

"எடுத்தா நல்லாயிருக்கும்."

எடுத்துவிட்டார்.

மற்ற நாலு பேரும் ஜாக்கெட்டுக்குள் பலூனைத் திணித்துக்கொண்டு, உதட்டுக்குச் சாயத்தை அப்பிக்கொண்டு இடுப்பை ஆட்டினார்கள். கூட்டம் விசிலடித்தது. கடைசியாக அவர் வந்தார். சாதாரண பூப்போட்ட பாலியஸ்டர் புடவை. தோளில் ஒரு கைப்பை. மேடை நடுவில் வந்து நின்றார், அவ்வளவுதான். பஸ்ஸுக்குக் காத்திருக்கிற பெண் மாதிரி கைப்பையை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றினார். முந்தானை ஊக்கு இருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பார்த்தார். மணிக்கட்டின் உள்பக்கமாகக் கட்டியிருந்த கடிகாரத்தைத் திருப்பி மணி பார்த்துவிட்டு, வீட்டில் பிள்ளை வந்திருக்குமே என்கிற மாதிரி தெருக்கோடியைப் பார்த்தார். சிரிக்க வந்தவர்கள் கொஞ்ச நேரம் என்ன செய்வதென்று தெரியாமல் இருந்தார்கள். பிறகு முதலில் கைதட்டியவர்கள் பெண்கள்தான்.

நடுவராக உட்கார்ந்திருந்தவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிற பெரியவர். பிரெஞ்சில் சிப்பாய் என்கிற அர்த்தத்தில் நாங்கள் சொல்தா என்று கூப்பிடுவோம். அவர் எழுந்து நின்று, "த்ரே பியான், மதாம்," என்றார். ரொம்ப நன்றாயிருக்கிறது அம்மணி என்று அர்த்தமாம். நான் அதை மைக்கில் மூன்று தடவை சொன்னேன். அன்றிலிருந்து கேஸ்காரர் பெயர் மதாம் ஆகிவிட்டது. வீட்டில் வைத்த பெயர் ரேஷன் கார்டில் மட்டும் இருந்தது.

எப்படி இப்படிச் செய்கிறீர்கள் என்று பிறகு ஒரு நாள் டீக்கடையில் கேட்டேன்.

"பத்து வருஷமா வீடு வீடா அடுப்படிக்குப் போறேன்ல. ரெகுலேட்டர் மாட்டி, கசியுதான்னு பாத்து, புக்குல கையெழுத்து வாங்கற வரைக்கும் நின்னுகினுதான இருக்கேன். அவங்க கையப் பாப்பேன். மூஞ்சியப் பாத்தா தப்பு. கையப் பாத்தா போதும், இந்தம்மா இன்னிக்கி அழுதுதா, சாப்புட்டுதான்னு தெரிஞ்சிடும்."

இதைப் பெருமையாகவோ வருத்தமாகவோ சொல்லவில்லை. டீ ஆறிவிட்டது என்று சொல்வது போலச் சொன்னார்.

அடுத்த வருஷங்களில் அவருக்குப் புடவை கொடுக்கப் போட்டியே நடந்தது. மதாம் இந்த வருஷம் என் புடவையைக் கட்டிக்கொள்ளட்டும் என்று பொங்கலுக்கு ஒரு மாதம் முன்னாலேயே சொல்லி வைப்பார்கள். எந்தப் புடவைக்கும் பொருந்துகிற மாதிரி தோள்பட்டை அகலம் வைத்து ஒரு கறுப்பு ஜாக்கெட் தைத்து வைத்திருந்தார். புடவையைத் துவைத்து, இஸ்திரி போட்டு, மேலே ஒரு முழம் பூ வைத்துத்தான் திருப்பித் தருவார். புடவை எந்த வீட்டுடையதோ அந்த வீட்டம்மாவின் நடை அன்றைக்கு மேடையில் தெரியும். அந்தம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார். அடுத்த வீட்டம்மா அவரை இடிப்பார்.

எங்கள் மன்றத்தோடு நிற்கவில்லை. முதலியார்பேட்டையில் பள்ளிக்கூடத்துக்குப் பெஞ்சு வாங்க, அரியாங்குப்பத்தில் கோயில் திருப்பணிக்கு, ஒரு மாதா கோயில் திருவிழாவில் அநாதைப் பிள்ளைகளுக்கு என்று ஆளாளுக்குக் கூப்பிட்டார்கள். ஆட்டோவுக்கு மட்டும் வாங்கிக்கொள்வார். மீசை பாதி வளர்வதற்குள் அடுத்த அழைப்பு வந்துவிடும். மொழுக்கென்ற முகத்தோடு சிலிண்டர் தூக்கிக்கொண்டு தெருவில் வந்தால், "என்னா மதாம், எந்த ஊர்ல?" என்று கேட்பார்கள். சிரித்துக்கொண்டே ஊர்ப் பெயரைச் சொல்வார். நான் எல்லா இடத்துக்கும் கூடப் போவேன், மைக் பிடிக்க. என் போன் நிறைய அவர் படம்தான்.

அவருக்கு ஒரே பெண். பதினொன்றாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள். பள்ளியில் பெற்றோர் கூட்டத்துக்கு இவர் மழித்த முகத்தோடு போயிருக்கிறார். முந்தின நாள்தான் ஏதோ ஒரு நிகழ்ச்சி. வராந்தாவில் நின்ற பையன்கள், "மதாம் வந்துட்டாங்கடா, நாற்காலி போடுங்கடா," என்றிருக்கிறார்கள். அவளை ஏற்கெனவே மதாம் பொண்ணு என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். இவருக்குத்தான் தெரியாது. வீட்டுக்கு வந்து அவள் அழவில்லையாம், கத்தவில்லையாம். இனிமேல் வேண்டாம்பா என்று மட்டும் கேட்டிருக்கிறாள்.

"சரின்னுட்டேன் செயலாளரே," என்றார் என்னிடம். "புள்ள ஒண்ணே ஒண்ணு கேட்டுது. எல்லாரும் கேக்கறதச் செய்யறேன், அது கேக்கறதச் செய்யலன்னா எப்படி?"

அந்தப் பொங்கலுக்கு அவர் வரவில்லை. மீசை நன்றாக வளர்ந்து முனை மேலே திரும்பியிருந்தது. போட்டி சப்பென்று போய்விட்டது. எனக்கு அவர்மேல் கோபம்கூட வந்தது, வெட்கமில்லாமல் சொல்கிறேன். அந்த ஒரு வருஷம் முழுக்க அவர் மீசையோடு, காக்கிச் சட்டையோடு என் கண் எதிரிலேயே நடமாடினார். ஒரு படம்கூட எடுக்கத் தோன்றவில்லை. சிலிண்டர் போடுகிறவரை யார் படம் எடுப்பார்கள்.

அந்த வருஷக் கடைசியில் ஒரு வீட்டின் இரண்டாம் மாடிப் படியில் சிலிண்டரோடு உட்கார்ந்துவிட்டார். வயிற்றில் கட்டி. பெரிய ஆஸ்பத்திரியில் வைத்தியம் இலவசம்தான். ஆனால் சிலிண்டர் தூக்கினால்தான் அவருக்கு வருமானம். ஊருக்கெல்லாம் கேஸ் போட்டவர் வீட்டில் அடுப்பு எரிவதே பாடாக இருந்தது. பெண் பன்னிரண்டாம் வகுப்பில் இருந்தாள். மன்றத்தில் கூடிப் பேசினோம். எல்லாருக்கும் உதவி செய்த மனிதருக்கு நாம் செய்ய வேண்டாமா என்று எல்லோரும் சொன்னார்கள். என்ன செய்வது என்றதும் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்குத் தெரிந்தது ஒன்றுதானே.

போட்டி வைக்கலாம் என்றேன். மதாம் வந்தால் கூட்டம் வரும் என்றேன்.

நான்தான் அவர் வீட்டுக்குப் போனேன். கட்டிலில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். தலைமுடி, புருவம், மீசை எல்லாம் மருந்தில் உதிர்ந்து போயிருந்தன. தோள் இரண்டும் இறங்கிவிட்டன. அந்தக் காய்ப்பு மட்டும் தனியாகத் தெரிந்தது. அவர் மனைவி அடுப்படியில் இருந்தார். பெண் மூலையில் புத்தகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். விஷயத்தைச் சொன்னேன்.

முதல் தடவையாக அவர் செஞ்சிட்டாப் போச்சு என்று சொல்லவில்லை.

"சட்டையப் போட்டுகினு வந்து ஒக்காந்துக்கறேனே," என்றார். "அந்த நீலச் சட்ட இருக்குது. கடைசியில எழுந்து எல்லாருக்கும் ஒரு கும்புடு போட்டுட்டு வந்துடறேன். புள்ளைக்குச் சொல்லியிருக்கேன்."

நான் என்ன சொன்னேன் என்பதைத்தான் இத்தனை நாளாக யாரிடமும் சொல்லாமல் வைத்திருக்கிறேன்.

"உங்கள சட்டையில பாக்க யாருண்ணே வருவாங்க?" என்றேன்.

கிண்டலாகச் சொல்லவில்லை. உண்மை என்று நினைத்துச் சொன்னேன். அது இன்னும் மோசம். அந்தப் பெண் புத்தகத்தை மூடாமல் அப்படியே வைத்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போய்விட்டாள். அவர் அவள் போன வாசலைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, மழமழவென்று இருந்த மேலுதட்டைத் தடவிக்கொண்டார்.

"அதுக்கென்ன, செஞ்சிட்டாப் போச்சு. இந்த வாட்டி மழிக்கிற வேலையும் மிச்சம்."

அன்றைக்கு வந்த கூட்டத்தை எங்கள் தெரு அதுவரை பார்த்ததில்லை. ஒரு டீச்சரம்மா தன் கல்யாணப் பட்டுப்புடவையையே கொடுத்திருந்தார். கறுப்பு ஜாக்கெட் தொளதொளவென்று இருந்ததால் முதுகுப்பக்கம் நாலு பின் குத்தினோம். தலைக்கு வாடகை விக். மேடைக்குப் பின்னால் அவர் பெண் நின்றிருந்தாள், கையில் அந்த நீலச் சட்டை, இஸ்திரி போட்டு ஹேங்கரில் மாட்டி. கடைசியில் சட்டைக்கு மாறி வந்து கும்பிடுவதாக அப்பாவும் மகளும் ஒரு சமாதானத்துக்கு வந்திருந்தார்கள். சரி, நன்றியுரைக்கு முன்னால் நேரம் விடுகிறேன் என்று நானும் தலையாட்டியிருந்தேன்.

அவர் வந்தார். நாலு அடி நன்றாகத்தான் நடந்தார். நடுமேடைக்கு வந்ததும் நின்றார். ஒரு கை மைக் ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டது, இன்னொரு கை அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டது. வாயைத் திறந்து மூச்சு வாங்கினார். கூட்டம் நடிப்பு என்று நினைத்தது. ஒருவன் விசிலடித்தான். எனக்கு மேடையில் இரண்டு நொடி சும்மா இருந்தாலே கை பரபரக்கும். மைக்கைத் தூக்கினேன்.

"மதாமுக்கு இது எத்தினியாவது மாசம்?"

மேடையே இடிந்து விழுகிற மாதிரி கூட்டம் சிரித்தது. அவர் மெதுவாகத் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் எனக்கு இன்றைக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். கோபம் இல்லை. நான் ஏதோ ஒன்றைக் கேட்கிறேன், செய்ய வேண்டும் என்பது மட்டும்தான் இருந்தது. மைக் ஸ்டாண்டை விட்டுவிட்டு ஒரு கையை இடுப்பில் ஊன்றினார். காலை அகட்டி, முதுகைப் பின்னால் சாய்த்து, நிறைமாதப் பெண் போல மீதி மேடையை நடந்து முடித்தார். அன்றைக்கு விழுந்த சிரிப்பும் கைதட்டலும் அவருக்கு எந்த ஊரிலும் விழுந்ததில்லை.

சொல்தா பெரியவர் மார்க் போடவில்லை. நோட்டை மூடி மேசையில் வைத்துவிட்டு, தடியை ஊன்றிக்கொண்டு எழுந்து போய்விட்டார். ஏன் போகிறார் என்று எனக்கு அப்போது புரியவில்லை. வயசானவர், கூட்டம் ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது என்று பக்கத்தில் இருந்தவனிடம் சொன்னேன்.

மேடைக்குப் பின்னால் அவர் பட்டுப்புடவையில் பட்டுவிடாமல் முந்தானையை ஒதுக்கிப் பிடித்தபடி வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார். பெண் சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு அவர் நெற்றியைத் தாங்கிப் பிடித்திருந்தாள். எழுந்து நிற்க முடியவில்லை. நன்றியுரையை நான் படித்தேன். கூட்டம் கலைந்தது. நீலச் சட்டையின் மடிப்பு கலையவே இல்லை.

மாசி முடிவதற்குள் இறந்துபோனார்.

எங்கள் ஊரில் சாவு விழுந்தால் உடனே முக்கில் ஃப்ளெக்ஸ் கட்ட வேண்டும். கண்ணீர் அஞ்சலி, கீழே தெருக்காரர்கள் பெயர், மேலே பெரிதாகப் படம். இல்லாவிட்டால் அனாதைச் சாவு என்று பேசுவார்கள். காலையில் அந்தப் பெண் என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். அவள் என்னிடம் நேராகப் பேசியது அதுதான் முதல் தடவை.

"மாமா, அப்பா சட்ட போட்ட போட்டோ ஒண்ணு வேணும்."

புயல் வருஷத்தில் வீட்டுக்குள் வந்த தண்ணீரில் அவர்கள் கல்யாண ஆல்பம் ஊறி அழிந்துவிட்டது. அவள் போனில் இருந்ததெல்லாம் ஆஸ்பத்திரியில் மொட்டைத் தலையோடு எடுத்தவை. என்னிடம் நிறைய இருக்கும் என்று வந்திருக்கிறாள். இருந்தது. விரலால் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தது. பச்சைப் புடவை, மஞ்சள் புடவை, கைப்பையோடு, குடத்தோடு, மாலையோடு. அவள் என் பக்கத்தில் நின்று ஒவ்வொன்றாகப் பார்த்தாள். இதோ வரும், இதோ வரும் என்று நான் முணுமுணுத்துக்கொண்டே தள்ளினேன். ஒன்றில் மட்டும் சட்டையோடு இருந்தார். மேடைக்கு நாற்காலி தூக்கி வருகிறார், முகத்தை நாற்காலி மறைத்திருந்தது.

ஃப்ளெக்ஸ் கடைக்குக் கூட்டிப் போனேன். கம்ப்யூட்டரில் இருந்தவர் என் போனை வாங்கிப் பார்த்துவிட்டு, "மூஞ்சிய மட்டும் வெட்டி எடுத்து கோட்டு சூட்டு ஒட்டிக் குடுத்துடறேன். பொட்டையும் மையையும் அழிச்சிடலாம்," என்றார். தினமும் செய்கிற வேலைதான். அவள் வேண்டாம் என்றாள். பையிலிருந்து ரேஷன் கார்டை எடுத்து வைத்தாள். அதில் நகத்தளவு ஒரு குடும்பப் படம். அம்மா மடியில் இவள், பக்கத்தில் அவர், மீசையோடு.

"இத பெருசு பண்ணா கட்டம் கட்டமா போயிடும்மா. ஆளே தெரியாது."

"பரவால்ல. இதான் எங்கப்பா."

அப்படியே அடித்துக் கட்டினோம். மெயின் ரோடு முக்கில் ஆளுயரத்துக்குத் தொங்கியது. பாடை கிளம்புகிற நேரம் வரை அதன் கீழேதான் நின்றிருந்தேன். கல்யாணப் புடவை கொடுத்த டீச்சரம்மா ஸ்கூட்டியை நிறுத்தி மேலே பார்த்தார்.

"யாருங்க தவறிட்டது?"

"நம்ம கேஸ்காரர்ங்க. மதாம்."

"ஐயையோ." வாயில் கை வைத்துக்கொண்டார். மறுபடியும் படத்தை உற்றுப் பார்த்தார். "இது அவரு மாதிரியே இல்லியே."

"இது அவருதாங்க. பழைய படம்."

"மாசாமாசம் வீட்டுக்கு வருவாரு," என்றார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "சிலிண்டரத்தான பாப்போம். மூஞ்சிய யாரு பாத்தா."

நானும் நிமிர்ந்து பார்த்தேன். மங்கலான கட்டங்களுக்கு நடுவே மீசை ஒன்றுதான் கறுப்பாகத் தெரிந்தது. அவர் கண் எப்படி இருக்கும் என்று யோசித்தேன். மேடையில் என்னைத் திரும்பிப் பார்த்தபோது மையிட்டிருந்ததே, அது மட்டும்தான் ஞாபகம் வந்தது.